பதிவேடு மட்டும் இருக்கும் அவசர சிகிச்சைப் பிரிவில் தரவுப் பகுப்பாய்வு செய்ய முடியுமா?

கேள்வி: திருகோணமலை மாவட்ட வைத்தியசாலை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் எந்நேரமும் சன நெரிசல். மென்பொருள் இல்லை, கையால் எழுதும் பதிவேடுதான். இதை வைத்து ஏதும் மாற்ற முடியுமா?

முடியும். கணினியை விட மணிக்கூடுதான் முக்கியம்.

ஒவ்வொரு நோயாளருக்கும் ஐந்து நேரங்களை எழுதுங்கள்: வாசலுக்கு வந்தது, தாதி பார்த்தது, வைத்தியர் பார்த்தது, வாட்டா வீடா வேறு வைத்தியசாலையா என்று முடிவானது, பிரிவை விட்டுப் போனது. 28 நாள் எழுதினால் திங்கள் முதல் ஞாயிறு வரை ஒவ்வொரு நாளும் 4 முறை வரும். பிறகு எக்செலில் ஆளுக்கு ஒரு வரி. பெயரும் அடையாள அட்டை இலக்கமும் வேண்டாம், தொடர் இலக்கம் போதும். நேரத்தோடு திகதியையும் சேர்த்தே பதியுங்கள். இரவு 11.50க்கு வந்தவரை 12.20க்கு வைத்தியர் பார்த்தால், திகதி இல்லாத தாளில் விடை மைனஸில் வரும். பிழை என்று அந்த வரிகளை அழித்தால் நடுச்சாம நோயாளர்களே கணக்கில் இல்லாமல் போவார்கள்.

கணக்குப் போடமுதல் ஒன்றைச் சோதியுங்கள். நிமிடம் 0இல் அல்லது 5இல் முடியும் பதிவுகள் எத்தனை? ஒரு மணித்தியாலத்தில் அப்படிப்பட்ட நிமிடங்கள் 12தான், அதாவது 20%. உங்கள் பதிவேட்டில் 70% வந்தால், பல நேரங்கள் மணிக்கூட்டைப் பார்க்காமல் மதிப்பாகவோ வேலை ஓய்ந்தபின் ஞாபகத்திலோ எழுதியவையாக இருக்கலாம். இதற்காகத் தாதியரைக் கடிந்துகொள்ளக் கூடாது. மூச்சுத் திணறி வருபவரைப் பிடிப்பதா, பேனையைப் பிடிப்பதா? கட்டிலிலிருந்தே தெரியும்படி பெரிய டிஜிட்டல் மணிக்கூடு ஒன்றை மாட்டிக் கொடுங்கள். ஈசிஜி தாளில் அச்சாகும் நேரத்தையும் சுவரில் உள்ள நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நெஞ்சுவலியோடு வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்கவேண்டும். இயந்திரம் 7 நிமிடம் பிந்தி ஓடினால் அந்த அளவீட்டுக்கு அர்த்தமே இல்லை. திங்கள்தோறும் கைப்பேசியைப் பார்த்து எல்லா மணிக்கூட்டையும் சரிசெய்யுங்கள்.

சராசரியை நம்பவேண்டாம். ஐந்து பேர் 10, 12, 15, 18, 240 நிமிடம் காத்திருந்தால் சராசரி 59. அப்படி 59 நிமிடம் காத்திருந்தவர் அங்கே யாருமில்லை. நடுவில் நிற்கும் 15ஐ எடுங்கள். அந்த 240 நிமிடக்காரரின் கோப்பைத் தனியே எடுத்து முழுதாக வாசியுங்கள்.

இனி நெரிசல். மணிக்கு 8 பேர் வந்து, ஒவ்வொருவரும் இரண்டரை மணித்தியாலம் தங்கினால், எந்நேரமும் உள்ளே 20 பேர் இருப்பார்கள். கட்டில் 12 என்றால் 8 பேர் வாங்கிலும் ஸ்ட்ரெச்சரிலும். வாசலில் கூட்டத்தைக் கண்டதும் இன்னொரு வைத்தியர் வேண்டும் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். அதற்குமுதல் நாலாவது நேரத்துக்கும் ஐந்தாவதுக்கும், அதாவது முடிவானதற்கும் பிரிவை விட்டுப் போனதற்கும், உள்ள இடைவெளியைப் பாருங்கள். வாட்டில் கட்டில் ஒழியவில்லை என்று ஒரு மணித்தியாலம் அங்கே போகிறதா? அதை அரை மணியாக்கினால் 20 பேர் 16 ஆகும். காலையிலேயே வீட்டுக்குப் போகலாம் என்று முடிவானவர் வீட்டுக்கு விடும் துண்டுச்சீட்டுக்காகப் பின்னேரம் வரை வாட்டில் கிடந்தால், நெரிசலுக்கு மருந்து அந்த வாட்டில் இருக்கிறது.

நோயாளரை வேறு வைத்தியசாலைக்கு அனுப்பும் நேரத்தையும் அப்படியே பிரியுங்கள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபிறகு கிண்ணியாவில் வாகனம் ஏற்றும் பாதைப் படகுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இப்போது மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ அனுப்பும்போது, ‘அனுப்புவோம்’ என்று முடிவெடுத்த நேரம், அம்புலன்ஸ் கேற்றைத் தாண்டிய நேரம், திருகோணமலையில் இறக்கிய நேரம் மூன்றும் வேண்டும். முதல் இடைவெளி சாரதி, கூடப்போகும் தாதி, தொலைபேசி அனுமதி சம்பந்தப்பட்டது. அதை வீதியின் தலையில் போட்டால் ஒருநாளும் திருந்தாது.

இலக்கு வைக்கும்போது கவனம். இங்கிலாந்தில் நோயாளர் 4 மணித்தியாலத்துக்குள் அவசர சிகிச்சைப் பிரிவை விட்டுப் போகவேண்டும் என்று இலக்கு வைத்தபோது, 4 மணி முடியும் கடைசி நிமிடங்களில் நோயாளர்களை வெளியேற்றுவது குவிந்தது. எண்ணுக்காக வேலை செய்தால் உங்கள் தாளிலும் அதே குவியல் வரும்.

மாற்றம் செய்தபின் கிழமைக்கு ஒரு புள்ளியாக நடு எண்ணைச் சுவரில் வரையுங்கள். மாதத்துக்கு ஆறு மாரடைப்பு வரும் இடத்தில் வீதம் போடாதீர்கள், ஒவ்வொருவரின் நிமிடத்தையும் அப்படியே எழுதுங்கள். ஒரு கிழமை குறைந்தது என்று கொண்டாட வேண்டாம். மாற்றத்துக்கு முந்திய நடு எண்ணில் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே தொடர்ந்து 6 புள்ளிகள் விழுந்தால் அந்த மாற்றத்தை நிரந்தரமாக்குங்கள்.