வாசகர் கேள்வி - பதில்: இந்த வீதி யாருடைய பொறுப்பு?

கேள்வி: எங்கள் ஒழுங்கை சேரும் பிரதான வீதியில் மழைக்குப் பிறகு பெரிய கிடங்கு. பிரதேச சபையில் சொன்னால் "எங்கட வீதி இல்லை" என்கிறார்கள். யாரிடம் போவது? (கிண்ணியா வாசகி)

பதில்: அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். முதலில் வீதியின் வகுப்பைப் பாருங்கள். ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. மட்டக்களப்பு - திருகோணமலை ஏ15 அப்படியானது. சி, டி வகுப்புகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. ஒழுங்கைகள்தான் பெரும்பாலும் உள்ளூராட்சி சபைக்கு. கிலோமீற்றர் கல், அருகிலுள்ள கடை அல்லது பள்ளி, கிடங்கின் அகலம், படம், திகதி ஆகியவற்றோடு வீதிக்குரிய நிறுவனத்தின் நிறைவேற்றுப் பொறியியலாளருக்கு எழுதுங்கள். வாய்ச்சொல் பதிவேட்டில் ஏறாது.

மறுமொழி இல்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். "ஏன் திருத்தவில்லை?" என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். "இவ்வீதியின் பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகை, ஒப்பந்த நகல், வேலை முடிந்த திகதி" என்று ஆவணத்தைக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால், அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு.

இன்னொன்று: வடிகான் அடைத்திருந்தால் தார் எத்தனை தடவை போட்டாலும் நிற்காது. தேங்கும் நீர் அடித்தளத்தை இளக்கிவிடும். கடிதத்தில் வடிகானையும் சேருங்கள்.

கேள்வி: தனியார் பஸ்ஸில் டிக்கெட் தருவதில்லை. (மூதூர் வாசகர்)

பதில்: கொழும்புக்கு ஓடுவது போன்ற மாகாணங்களுக்கிடையிலான சேவையென்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, தொலைபேசி 1955. மாகாணத்துக்குள் ஓடுவதென்றால் கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. வண்டி இலக்கமும் நேரமும் இல்லாமல் முறையிட்டுப் பலனில்லை.