கார் அவனோடது, பார்டர் ரெண்டு பேருக்கும்

கேள்வி: நானும் ஃப்ரெண்டும் கார்லயே நாலஞ்சு நாடு சுத்தலாம்னு பிளான். கார் அவன் பேர்ல, பாதி தூரம் நான் ஓட்டணும். பாஸ்போர்ட், விசா போதும்தானே?

அது உங்க ரெண்டு பேருக்கு சரி, காருக்கு? வெளிநாட்டு வண்டிய அங்கயே வித்துட்டுப் போய்ட்டா வரி போச்சேன்னு கஸ்டம்ஸ்காரங்களுக்கு பயம். அதுக்குத்தான் கார்னேன்னு ஒரு புக். ஐரோப்பாவுக்குள்ள தேவைப்படாது, ஆனா இந்தியா, பாகிஸ்தான், ஈரான் பக்கம்னா கண்டிப்பா கேப்பாங்க. ஆட்டோமொபைல் கிளப்ல டெபாசிட்டோ பேங்க் கேரண்டியோ குடுத்து வாங்கணும், பொதுவா ஒரு வருஷம் செல்லும்.

ஒவ்வொரு பக்கத்துலயும் மூணு துண்டு இருக்கும், உள்ள போறப்ப ஒண்ணக் கிழிச்சுப்பாங்க, வெளிய வர்றப்ப இன்னொண்ணு, அடிக்கட்டை உங்ககிட்டயே. அதுல வெளிய வந்த சீல் இல்லன்னா அவங்க கணக்குல வண்டி இன்னும் அங்கதான் நிக்குது, வரி கேட்டு அந்த கேரண்டி மேல கை வைப்பாங்க. நடுராத்திரில ஆபீசர் தூக்கக் கலக்கத்துல போ போன்னு கை காட்டினாலும் இறங்கிப் போய் சீல் விழுந்துச்சான்னு பாத்துட்டே கிளம்புங்க.

நீங்க ஓட்ட இன்டர்நேஷனல் பெர்மிட் வேணும். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி குடுக்கறது ஒரு வருஷம், 1968 வியன்னா ஒப்பந்தப்படி குடுக்கறது மூணு வருஷம் வரைக்கும். போற நாடு எதை ஏத்துக்கும்னு பாத்து எடுங்க, ஒரிஜினல் லைசென்ஸ் இல்லாம ரெண்டுமே வெறும் பேப்பர்தான். இன்சூரன்ஸ்ல உங்க பேரும் ஏறணும்.

அப்புறம், வண்டிய நீங்க ஓட்டலாம், பார்டர் தாண்டலாம்னு அவன்கிட்ட நோட்டரி கையெழுத்தோட ஒரு லெட்டர். பக்கத்துலயே உக்காந்திருக்கானே எதுக்குன்னு தோணும். பாதில வீட்டுல அவசரம்னு அவன் ஃப்ளைட் ஏறிட்டா? சில நாட்டுல வண்டிய கொண்டு வந்த ஆள் பேர்லயே பதிஞ்சு வைப்பாங்க, வண்டி இல்லாம அவன் கிளம்பறதே சிக்கல். அதனால எந்த நாட்டுல லெட்டர் செல்லும், எதுல செல்லாதுன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே விசாரிச்சு வைங்க.

கேள்வி: பார்டர் தாண்டினதும் ரோட்ல சைடு மாறுமாமே, பழகிடுமா?

தாய்லாந்துல இடது பக்கம், லாவோஸ், கம்போடியாவுல வலது. பார்டர்ல எல்லாரும் உஷாராத்தான் இருப்பாங்க, தப்பு நடக்கறது பங்க்ல டீசல் போட்டுட்டு காலி ரோட்ல ஏறுறப்பதான். இன்னொரு தொல்லை ஓவர்டேக். ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கற வண்டிய வலது பக்க ரோட்ல ஓட்டினா முன்னால போற லாரியத் தாண்டி உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பக்கத்து சீட்ல இருக்கறவனுக்குத்தான் தெரியும். அவன் "வருது", "வரல"ன்னு கத்தினா இரைச்சல்ல ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்கும், "இரு", "போ" போதும். அவன் தூங்குறப்ப லாரி பின்னாடியே பொறுமையா போங்க, என்ன அவசரம்?

கேள்வி: செலவ எப்படிங்க பிரிக்கறது? கேக்கவே கூச்சமா இருக்கு.

ஆளுக்கு சமமா ஒரு பொதுப் பர்ஸ்ல போட்டு டீசல், டோல், ரூம் எல்லாம் அதுலேந்து குடுங்க. ஆனா டயர் தேய்மானம், சர்வீஸ், கார்னே டெபாசிட் எல்லாம் கார்காரன் தலைலதான் விழுது, அதுல உங்க பங்கு எவ்ளோன்னு நீங்களே முதல்ல கேளுங்க. கூச்சம் அவனுக்கும் இருக்கும்ல.