அப்பாவுக்கு மனச்சோர்வா, டிமென்ஷியாவா? – சமூக அறிதிறன் (பிறர் மனதையும் உணர்வையும் புரிந்துகொள்ளும் திறன்) குறித்துக் கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. அம்மா வழுக்கி விழுந்து அழுதபோது, அவரைத் தாண்டிப்போய்த் தொலைக்காட்சி பார்த்தார். மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நினைவாற்றல் சோதனையில் 30க்கு 29.

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் அந்த 29ஐ நம்பி உட்கார்ந்துவிடவும் வேண்டாம். அது தேதி கேட்கும், கணக்குப் போடச் சொல்லும்; அடுத்தவர் வலி புரிகிறதா என்று கேட்காது. ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா என்பது மூளையின் முன்பகுதியும் பக்கப்பகுதியும் சிதையும் நோய்; அதில் நடத்தை முதலில் மாறும் 'நடத்தை வகை' பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்குகிறது. நினைவு ஓரளவு நிற்கும். பரிவு முதலில் போகும். அல்சைமரில் பொதுவாக நேர்மாறு: பேரன் பெயரை மறந்தவரும் வந்தவரை வாய்நிறைய வரவேற்பார்.

மனச்சோர்வில் உணர்வைப் படிக்கும் திறன் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. சாதாரண முகமும் வாட்டமாகத் தெரியும். 'எல்லோருக்கும் பாரமாகிவிட்டேன்' என்று மனம் குமையும். உங்கள் அப்பா அப்படி எதற்காவது வருந்துகிறாரா? இல்லையென்றால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: கண்களின் படத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்லும் இணையத் தேர்வில் 36க்கு 21. எனக்கு டிமென்ஷியாவா?

பதில்: அந்த மதிப்பெண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. களைப்பும் சொல்வளமும்கூட அதை மாற்றும்.

கேள்வி: எனக்குப் பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்). மனநிலை சீராக இருக்கும்போதும் பிறர் மனம் பிடிபடுவதில்லை.

பதில்: சீரான காலத்திலும் சராசரியாகச் சிறு குறைவு இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. எல்லோருக்கும் அல்ல.

கேள்வி: எனக்கு 36க்கு 24...

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் நோய் என்று சொல்லிச் சுயநலக்காரர்களைத் தப்பவிடுகிறீர்கள். மருத்துவர் முன்னால் மட்டும் எப்படி ஒழுங்காக நடக்கிறார்கள்?

பதில்: நல்ல சண்டை, வாருங்கள். அமைதியான அறையில் ஒருவர் கேட்க ஒருவர் பதில் சொல்வது எளிது. 'பிறரை அவமதிக்கலாமா?' என்றால் 'கூடாது' என்பார். வெளியே வந்ததும் காவலரை அவமதிப்பார். விதி தெரிகிறது, அந்த நேரத்தில் கைகொடுப்பதில்லை. அதனால்தான் வீட்டாரின் வாக்குமூலம் இல்லாமல் நான் முடிவுக்கு வருவதில்லை.

அவரே: அப்படியானால் என் மாமனாரும் நோயாளிதானா?

பதில்: இளமையிலிருந்தே அப்படியா?

அவரே: ஆம்.

பதில்: பிறகென்ன? அது அவருடைய குணம். நான் தேடுவது மாற்றத்தை: கனிவாக இருந்தவர் நடுவயதில் கல்லாவது, சிக்கனக்காரர் கண்டவருக்கும் பணம் அனுப்புவது. நோயே என்றாலும் எல்லாவற்றையும் சகித்துக்கொள்ளச் சொல்லவில்லை. வங்கிக் கணக்குக்கு முதலில் பாதுகாப்புச் செய்யுங்கள். கண்டறிவதற்குள் சேமிப்பு கரைந்த குடும்பங்கள் உண்டு.

கேள்வி: 36க்கு 19. பயப்பட வேண்டுமா?

பதில்: வேண்டாம். இனி மதிப்பெண் கேள்விகளுக்குப் பதில் இல்லை.

கேள்வி: ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியாவின் நடத்தை வகை என்று உறுதியான அண்ணனுக்கு, அல்சைமருக்கான டோனெபெசில் மருந்தைக் கேட்டு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த வகையில் அது பயன் தருவதில்லை; சிலருக்கு நடத்தை இன்னும் மோசமாகலாம். கட்டுப்பாடற்ற நடத்தைக்குச் சில மனச்சோர்வு மருந்துகள் ஓரளவு உதவுவதுண்டு. அதை மருத்துவரிடம் கேளுங்கள்.