கியர் குறைக்கும்போது கார் குலுங்குவது பற்றி

வணக்கம். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு வரும்போது கார் குலுங்குவதாகவும், பிரேக்கை அழுத்தியபடியே அதே காலால் ஆக்சிலரேட்டரைத் தட்டினால் (இதை 'ஹீல் அண்ட் டோ', அதாவது குதிகால்-விரல் முறை என்பார்கள்) பிரேக் அழுத்தம் மாறிவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். லாரிகள் வரிசையாக இறங்கும் அந்தச் சாலையில் இந்த முறையைப் பழகவே வேண்டாம். அங்கே, இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துக்கொள்வதுதான் முறை.

இரண்டாம் கியருக்குத் தேவையான அளவு இன்ஜின் சுழற்சி உயராத நிலையில் கிளட்சை விடுவதே குலுங்கலுக்குக் காரணம். அந்தச் சுழற்சியை உயர்த்த, வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கை ஒரே சீராக அழுத்தியிருக்க, கிளட்ச் முழுதும் அழுந்தியிருக்கும் நொடியில், பாதத்தின் வெளிவிளிம்பைச் சாய்த்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று தட்டிவிட வேண்டும். பெயரில் குதிகால் இருந்தாலும், குதிகாலால்தான் தட்ட வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான கார்களில் பிரேக் மிதி சற்று உயர்ந்திருப்பதால், அழுத்திப் பிடித்தால்தான் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும். மென்மையாகப் பிடிக்கும்போது கால் எட்டாமல் போவது உங்கள் குறையன்று. மெல்லிய அடியுள்ள ஷூ அணிந்து, காரை நியூட்ரலில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, பிரேக் மிதியின் அழுத்தம் மாறாமல் ஆக்சிலரேட்டரைத் தட்ட வரும்வரை பழகுங்கள்.