பிள்ளைகளுடன் தனியாக ஊர் மாறும் தாய் எந்த நகரத்தைத் தெரிவு செய்யலாம்?

கேள்வி: நான் திருகோணமலையில் மாகாணத் திணைக்களம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளராகப் பணிபுரிகிறேன். விவாகரத்துத் தீர்ப்புக் கிடைத்துவிட்டது. பிள்ளைகள் இருவரும் என் கட்டுக்காப்பில் இருக்கிறார்கள். அவர்களின் தகப்பன் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து பார்க்கிறார். தாபரிப்புப் பணம் நீதிமன்றத்தின் ஊடாகக் கிடைக்கிறது. மகள் தரம் 4 இல் படிக்கிறாள். மகன் முன்பள்ளியில் இருக்கிறான். மகள் தரம் 6 க்குப் போகும் ஆண்டில்தான் அவன் தரம் 1 க்குப் போவான். பாலையூற்றில் எனக்குச் சீதனமாக எழுதிய வீட்டில் அம்மாவுடன் இருக்கிறோம். எங்கே போனாலும் பழைய கதையை விசாரிக்கிறார்கள். பிள்ளைகளின் காதில் அது விழாத ஓர் ஊருக்குப் போக விரும்புகிறேன். கொழும்பில் தங்கையும், யாழ்ப்பாணத்தில் நெருங்கிய தோழியும், மட்டக்களப்பில் பெரியம்மாவும் இருக்கிறார்கள். எந்த நகரம் பொருத்தம்?

பதில்: சகோதரி, ஊர் வாய்க்காக இடம் மாற நினைப்பதைச் சிலர் சிறுபிள்ளைத்தனம் என்பார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. வளரும் பிள்ளைகளுக்கு அது உண்மையான பாரம். ஆனால் உங்கள் கடிதம் நகரங்களை வரிசைப்படுத்திய அளவுக்கு நாளின் நேரங்களை வரிசைப்படுத்தவில்லை. பாடசாலை பிற்பகல் 1.30 க்கு விடுகிறது. உங்கள் அலுவலகம் 4.15 வரை. இடைப்பட்ட ஏறத்தாழ மூன்று மணித்தியாலங்களும், ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளின் முழுப் பகல்களும், காய்ச்சலில் பிள்ளை படுத்திருக்கும் நாட்களும் இப்போது உங்களுக்குப் பிரச்சினையாகத் தெரியாததற்குக் காரணம் அம்மா. கிழக்கிலே பெண்பிள்ளைக்கு வீட்டை எழுதிக் கொடுத்துத் தாயும் மகளும் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவிலோ இருந்துவிடுகிற வழக்கம் சத்தமில்லாமல் செய்துவரும் உதவி அது. அதை விட்டுப் புறப்படும்போதுதான் அதன் பெறுமதி தெரியவரும். ஆகவே எந்த நகரம் என்று கேட்பதற்கு முன்னர், அந்த நகரத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு உங்கள் பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்கப்போவது யார் என்பதைத் தீர்மானியுங்கள்.

அம்மா உடன் வருவாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. அவருடன் இருந்து நிதானமாகப் பேசுங்கள். வருவதாக இருந்தால் அவருடைய கிளினிக் கொப்பியையும் மருந்துச் சீட்டுகளையும் புதிய ஊரின் வைத்தியசாலைக்கு மாற்றிக்கொள்வது எளிது. ஆனால் முதிய வயதில் அயலும் கோயிலும் இல்லாத ஒரு மாடி வீட்டில் பகல் முழுவதும் அடைந்து கிடப்பது எளிதல்ல. வரமாட்டார் என்றால், உங்கள் தெரிவுகள் மூன்றிலிருந்து ஒன்றாகவோ இரண்டாகவோ சுருங்கிவிடும்.

அடுத்தது உங்கள் தொழில். பலர் இதைக் கடைசியாகப் பார்த்து இடறுகிறார்கள். நீங்கள் நாடு முழுவதும் இடமாற்றம் பெறக்கூடிய, மத்திய அரசின் இணைந்த சேவையில் இருப்பவர் அல்லர். கிழக்கு மாகாணப் பொதுச் சேவையைச் சேர்ந்தவர். மட்டக்களப்புக்கோ அம்பாறைக்கோ மாறுவது ஒரே மாகாணத்துக்குள் நடக்கும் இடமாற்றம். வருடாந்த இடமாற்ற விண்ணப்பத்திலோ, அங்கிருந்து திருகோணமலைக்கு வர விரும்பும் ஒருவருடன் பரஸ்பர இடமாற்றமாகவோ அதைக் கேட்கலாம். யாழ்ப்பாணம் வடக்கு மாகாணம். அங்கே போக வேண்டுமென்றால் கிழக்கு மாகாணம் உங்களை விடுவிக்கவும், வடக்கு மாகாணம் வெற்றிடம் காட்டி ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். இரண்டு கையொப்பங்களில் ஒன்று தாமதமானாலும் கோப்பு அப்படியே கிடக்கும். கொழும்புக்கும் இதே நிலைதான். மேல் மாகாணத்தின் அலுவலகங்களில் சிங்களத்தில் கோப்பு எழுதும் பழக்கம் உங்களுக்கு எவ்வளவு இருக்கிறது என்பதும் அங்கே கேள்வியாகும். எந்த மாகாணத்துக்கு விண்ணப்பித்தாலும், உங்கள் சேவை மூப்பு அங்கே எப்படிக் கணிக்கப்படும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வாய்மொழி உறுதி பதவி உயர்வு நேரத்தில் உதவாது.

மட்டக்களப்பு இடமாற்றத்திலும் ஒரு சிக்கல் உண்டு. மாகாண சபையின் தலைமையகம் திருகோணமலையில் இருப்பதால் திணைக்களத் தலைமை அலுவலகங்கள் பெரும்பாலும் உங்களூரிலேயே இருக்கின்றன. மட்டக்களப்பில் உங்கள் தரத்துக்குரிய இடங்கள் வலயக் கல்வி அலுவலகங்கள், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகம், உள்ளூராட்சி சபைகள் போன்றவற்றில்தான் அதிகம். வெற்றிடம் மட்டக்களப்பு நகரில் இருக்கிறதா, வாகரையிலோ பட்டிப்பளையிலோ இருக்கிறதா என்று முதலே விசாரியுங்கள். இடமாற்றக் கட்டளையில் மாவட்டத்தின் பெயர் ஒன்றாக இருக்கலாம். காலையில் பிள்ளையை விட்டுவிட்டு நேரத்துக்குக் கையொப்பமிட வேண்டிய ஒருவருக்கு அவை இரண்டும் வெவ்வேறு ஊர்கள்.

இனிப் பாடசாலை. உங்கள் விடயத்தில் நாட்காட்டியே பாதி முடிவைச் சொல்லிவிடுகிறது. மகள் அடுத்த ஆண்டு தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதுவாள். அந்த ஆண்டில் அவளுடைய ஆசிரியரையும் வகுப்பையும் மாற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பரீட்சைக்கு அடுத்த ஜனவரியில் தரம் 6 க்காக அநேகம் பிள்ளைகள் எப்படியும் பாடசாலை மாறுவார்கள். புதுமுகமாக வரும் பிள்ளை அப்போது தனித்துத் தெரியமாட்டாள். பெறுபேறு வந்ததும் பாடசாலைத் தெரிவுக்கான விண்ணப்பத்தில், வெட்டுப்புள்ளிகளைக் கவனித்து, மட்டக்களப்பின் வின்சன்ட் மகளிர் உயர்தரப் பாடசாலை, புனித சிசிலியா பெண்கள் பாடசாலை போன்றவற்றைக் குறிப்பிடலாம். புள்ளி போதாவிட்டால் தரம் 6 வெற்றிடத்துக்காக அதிபரிடம் நேரடியாக விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. விடுகைப் பத்திரத்தை இங்கே கேட்பதற்கு முன்னர், அங்கே இடம் கிடைத்ததைக் கடிதமாகக் கையில் வைத்திருங்கள்.

மகனின் தரம் 1 அனுமதி இதைவிடக் கடினம். அனுமதி ஆண்டின் ஜனவரி 31 இல் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பம் முந்திய ஆண்டின் நடுப்பகுதியிலேயே கோரப்படும். கடந்த பல ஆண்டுகளின் சுற்றறிக்கைகள் இடங்களில் 50 சதவீதத்தை அண்மையில் வசிப்போருக்கும், 25 சதவீதத்தைப் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும், 15 சதவீதத்தை அங்கே படிப்போரின் சகோதரருக்கும் ஒதுக்கிவந்திருக்கின்றன. வசிப்பிடப் பிரிவில் வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் எத்தனை ஆண்டுகளாக அந்த முகவரியில் இருக்கிறது என்பதற்குக் கணிசமான புள்ளி போய்விடும். புதிதாக வாடகைக்கு வந்தவருக்கு அதில் கிடைப்பது சொற்பம். இடமாற்றம் பெற்ற அரச ஊழியர்களுக்கென 4 சதவீதம் இருந்தாலும், அது சேவைத் தேவையின் பேரில் மாற்றப்பட்டவர்களுக்கானது. நீங்களாகக் கேட்டுப் பெறும் இடமாற்றம் அதற்குள் வராது. பெண்கள் பாடசாலையில் மகள் சேர்வதும் மகனுக்கு உதவாது. பெரியம்மாவின் வீட்டு முகவரியில் ஒரு வாடகை ஒப்பந்தத்தை எழுதிக்கொண்டு விண்ணப்பிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். பொய் என்று பின்னர் தெரிந்தாலும் அனுமதி இரத்தாகும்.

நான் சொல்வது இதுதான்: மகனைப் பெயர்பெற்ற பாடசாலையில் சேர்க்கும் ஆசையை ஐந்தாம் தரம் வரை ஒத்திவையுங்கள். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், வகுப்பில் முப்பதுக்குக் குறைவான பிள்ளைகள் உள்ள ஒரு சாதாரண ஆரம்பப் பாடசாலை, தகப்பன் அருகில் இல்லாமல் புதிய ஊருக்கு வரும் ஆறு வயதுப் பிள்ளைக்கு நல்ல இடம். ஆசிரியர் அவனைப் பெயர் சொல்லி அறிவார்.

சட்டப் பக்கத்தைத் தள்ளிப்போட வேண்டாம். கட்டுக்காப்பு உங்களுடையது என்றாலும், தகப்பன் பிள்ளைகளைப் பார்க்கும் நாட்கள் தீர்ப்பிலே எழுதப்பட்டிருக்கின்றன. ஊர் மாறுவது அந்த ஒழுங்கை நேரடியாகத் தொடுகிறது. சொல்லாமல் போய்விட்டு, பின்னர் கட்டளையை மீறியவராக மன்றில் நிற்பதைவிட, அவருடைய சம்மதத்தை எழுத்தில் பெற்று, அதே வழக்கில் மாவட்ட நீதிமன்றத்தின் முன் வைத்துப் புதிய ஒழுங்கைக் கட்டளையாக்கிக்கொள்வது நல்லது. சம்மதிக்காவிட்டால் காரணங்களுடன் மனுச் செய்யலாம். பிள்ளைகளின் நலனே மன்றுக்கு முதன்மையானது என்பதால், வீடு, பாடசாலை, பார்த்துக்கொள்ளும் ஆள் மூன்றும் தயாராக இருக்கிற தாயின் மனுவுக்கு எடை அதிகம். தாபரிப்புப் பணத்தை நேரில் போய்ப் பெறும் ஒழுங்கு இருந்தால், புறப்படும் முன்னரே அதை வங்கிக் கணக்குக்கு மாற்றும்படி நீதவான் நீதிமன்றத்தைக் கேளுங்கள். அவர் மாதச் சம்பளம் பெறுபவராக இருந்து பணம் தவறினால், 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் சம்பளத்திலிருந்து கழிக்கும் கட்டளையைக் கோரலாம். சட்டத்தரணிக்குக் கட்டணம் கொடுக்க இயலாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பை வைத்துப் பார்த்தாலே நகரங்களின் தூரம் வேறாகத் தெரியும். 2009 இல் கிண்ணியாப் பாலமும் அதையடுத்து ஏனைய பாலங்களும் திறக்கப்பட்ட பின்னர், முன்பு பாதை எனப்படும் மிதவைப் படகுகளில் ஏறி இறங்கிப் போன மூதூர், வெருகல், வாகரை வழியே மட்டக்களப்புக்குக் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பலாம். யாழ்ப்பாணத்துக்கு வவுனியா வழியே போய்த் திரும்புவதற்கே ஒரு முழு நாள் கழியும். கொழும்பு ஓர் இரவுப் பயணம். தகப்பன் வராமல் விடுவதற்குத் தூரம் ஒரு வசதியான சாட்டாகிவிடும். அதை நீங்கள் விரும்பினாலும் பிள்ளைகள் விரும்புவார்களா என்று பாருங்கள்.

கொழும்பு உங்களுக்குக் கொடுக்கக்கூடியது ஒன்று உண்டு: வெள்ளவத்தையின் தொடர்மாடியில் அடுத்த கதவுக்காரருக்கு உங்கள் கதை தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. அதற்கான விலையும் பெரிது. ஆறு மாதமோ ஒரு வருடமோ முற்பணம் கேட்பது அங்கே வழமை. முகாமைத்துவ உதவியாளர் ஒருவரின் சம்பளம் வாடகைக்கே போதாமல் போகலாம். தங்கை தாமும் வேலைக்குப் போகிறவர் என்றால் பிற்பகல் இரண்டு மணிக் கேள்வி அங்கேயும் அப்படியே இருக்கும். யாழ்ப்பாணத்தில் நல்ல பாடசாலைகளும் போதனா வைத்தியசாலையும் உள்ளன. ஆனால் திருகோணமலையில் உங்களைத் துரத்தும் விசாரிப்பு அங்கே குறைவு என்று நினைத்தால் ஏமாந்துவிடுவீர்கள். வீடு வாடகைக்குக் கேட்கும் இடத்திலேயே “ஆம்பிளை எங்கே வேலை?” என்று கேட்பார்கள். தோழி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. நாள்தோறும் பிள்ளை பார்க்கும் பொறுப்பை நட்பின் மேல் சுமத்துவது நட்புக்கும் நல்லதல்ல.

எனவே, பெரியம்மா மனப்பூர்வமாக ஒத்துக்கொண்டால் மட்டக்களப்பு. ஒத்துக்கொள்வது என்றால் “வாங்கோ பிள்ளை, நான் இருக்கிறேன்தானே” என்று தொலைபேசியில் சொல்வது அல்ல. ஓர் ஆகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளை இரண்டு வாரம் அங்கே விட்டுப் பாருங்கள். நீங்கள் வழமைபோல இங்கே வேலைக்குப் போங்கள். இரண்டாவது வாரத்தின் முடிவில் பெரியம்மாவின் முழங்காலும் பிள்ளைகளின் முகமும் உங்களுக்குப் பதில் சொல்லிவிடும். அவருடைய வீட்டிலேயே குடியேறாமல், கூப்பிடு தூரத்தில் தனி வீடு எடுங்கள். ஒரே சமையலறை ஆறு மாதத்தில் உறவைக் கசக்கச் செய்யும்.

வீடு பார்ப்பதை மாரியில் செய்யுங்கள். வாவியை அண்டிய தாழ்ந்த பகுதிகளில் டிசம்பர், ஜனவரி மழைக்கு வெள்ளம் ஏறுவது மட்டக்களப்பாருக்குப் பழகிய விடயம்; 2011 ஜனவரி வெள்ளத்தை அயலவரிடம் கேட்டால் தங்கள் மதிலில் எதுவரை நீர் நின்றது என்று கையால் காட்டுவார்கள். புதிதாகப் பூசிய சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரக் கறை திரும்பிவருகிறதா, அலுமாரிகள் கல்லின் மேல் ஏற்றி வைக்கப்பட்டிருக்கின்றனவா, மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். இரவில் அந்த ஒழுங்கையில் வெளிச்சம் இருக்கிறதா என்பதை ஏழு மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

பெரியம்மா தயங்கினால், அல்லது வெற்றிடம் தூரத்தில் கிடைத்தால், ஊர் மாறவேண்டாம். வீடு மட்டும் மாறுங்கள். பாலையூற்றில் உங்களை அறிந்த தெரு, இதே திருகோணமலையின் உப்புவெளியில் இல்லை. மகளின் பாடசாலையும் உங்கள் அலுவலகமும் அம்மாவும் ஓர் ஆட்டோ தூரத்திலேயே இருக்கும்.

எப்படி முடிவெடுத்தாலும் சீதன வீட்டை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு விற்க வேண்டாம். அம்மா அங்கே இருப்பாரானால் முன் அறையை மட்டும் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் மாணவியருக்குக் கொடுக்கலாம். அவரும் உங்களுடன் வந்தால், ஒரு வருட எழுத்து ஒப்பந்தத்துடன் வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தை மட்டக்களப்பு வாடகைக்குக் கட்டலாம். வீட்டின் உறுதிப் பத்திரத்தை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவுள்ள சுகாதார அட்டை, விவாகரத்துத் தீர்ப்பின் சான்றுப்படுத்திய பிரதி ஆகியவற்றை மட்டும் ஒரே கோப்பில் கொண்டுபோங்கள். குடியேறியதும் புதிய கிராம உத்தியோகத்தரிடம் பதிந்து, வாக்காளர் இடாப்பில் பெயரை மாற்றும் படிவத்தையும் கேட்டு வாங்குங்கள். இளையவனைப் பின்னர் வேறு பாடசாலைக்கு மாற்றும் எண்ணம் வந்தால் அந்தப் பதிவு உதவக்கூடும்.