ஹீல்ஸும் மலைப்பாதையும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். வேலை மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவிலுள்ள புனலூரில். வாரத்தில் ஐந்து நாள் நானே கார் ஓட்டிப் போய் வருகிறேன், மேனுவல் கியர் வண்டி. அலுவலகத்தில் வரவேற்பில் உட்கார்கிறவள் என்பதால் புடவையும் ஹீல்ஸும் ஏறக்குறையக் கட்டாயம். மூன்று இஞ்ச் ஹீல். வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு ஏறிவிடுவேன். ஒரு வருஷமாக இப்படித்தான், நன்றாகப் பழகியும் விட்டது.

போன வாரம் புளியரை எஸ் வளைவில் முன்னால் போன லாரி நின்றுவிட்டது. நானும் நின்றேன். திரும்ப எடுக்கும்போது இடது கால் ஹீல், காலடியில் விரித்திருக்கும் ஃப்ளோர் மேட்டில் மாட்டிக்கொண்டது. காலை இழுத்ததில் கிளட்ச் சட்டென்று விட்டுப்போய் வண்டி ஆஃப் ஆனது. பதறி மறுபடி கிளட்ச்சை மிதித்ததும் பின்னால் உருள ஆரம்பித்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து எப்படியோ நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"ஹீல்ஸ் போட்டுக்கிட்டு இனி வண்டியைத் தொடாதே" என்கிறார் வீட்டில். கூட வேலை பார்க்கும் இரண்டு பேர் பிளாட்ஃபார்ம் செருப்பிலேயே ஓட்டுகிறார்கள், அது பரவாயில்லை என்கிறார்கள். கேரளா போலீஸ் பார்த்தால் அபராதம் போடும் என்று இன்னொருவர். வெறுங்காலோடு ஓட்டலாமா? எது சரி என்று சொல்லுங்கள்.

எம்., செங்கோட்டை

அன்புள்ள எம்.,

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. ஆனால் காரணம் தெரியாமல் ஒப்புக்கொண்டால், நேரமாகிவிட்ட ஏதோ ஒரு காலையில் மறுபடியும் ஹீல்ஸோடு ஏறிவிடுவீர்கள். அதனால் காரணத்திலிருந்தே வருகிறேன்.

காரின் பெடல்கள், ஓட்டுபவரின் குதிகால் தரையில் ஊன்றியிருக்கும் என்ற கணக்கில் அமைந்தவை. வலது குதிகாலை பிரேக்குக்கு நேர் கீழே ஊன்றிக்கொண்டு, பாதத்தை வலப்பக்கம் சாய்த்தால் ஆக்சிலேட்டர், நேராக்கினால் பிரேக். குதிகால் இடம் மாறுவதே இல்லை. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் கணுக்கால் பார்த்துக்கொள்கிறது. ஆக்சிலேட்டரை நூலளவு கூட்டிக் குறைப்பது கணுக்காலால் மட்டும்தான் முடியும்.

மூன்று இஞ்ச் ஹீல் போட்டதும் இரண்டு விஷயம் கெடுகிறது. பாதம் ஏற்கெனவே முன்பக்கம் சரிந்து நிற்பதால் கணுக்கால் மேற்கொண்டு மடங்க அதிக இடம் இல்லை. அந்த வேலையை முழங்காலும் தொடையும் எடுத்துக்கொள்கின்றன. தொடை பெரிய தசை. அதற்குப் பலம் உண்டு, நுணுக்கம் கிடையாது. வண்டி திணறித் திணறிப் போவது இதனால்தான். இரண்டாவது, ஊன்றும் இடம். அகலமான குதிகாலுக்குப் பதில் சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு நுனி. அதை வைத்துக்கொண்டு பாதத்தைச் சாய்த்தால் நுனி வழுக்கும், அல்லது மேட்டில் குத்தி நிற்கும். நாளை வீட்டு வாசலிலேயே பாருங்கள். இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஹீல்ஸோடு உட்கார்ந்து ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்குக் காலை மாற்றுங்கள். கண்ணைக் காலில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் நீங்கள் காலையே தூக்கி வைத்துக்கொண்டிருப்பது தெரியும். தூக்கி வைக்கும் கால் பெடலின் நடுவில் விழலாம், ஓரத்திலும் விழலாம்.

எஸ் வளைவில் உங்களுக்கு நடந்தது இதன் இடது கால் பதிப்பு. மூன்று பெடல்களில் அதிக தூரம் போய் வருவது கிளட்ச். முழுதாக மிதிக்கும்போது குதிகால் தரையை விட்டு எழும். பெடலை விட்டுக்கொண்டே வரும்போது, சரியாக ஹாஃப் கிளட்ச் (கிளட்ச் பாதி பிடிக்கும் நிலை) வரும் இடத்தில், குதிகால் தரையில் இறங்கி மெல்லப் பின்னால் நகர வேண்டும். தட்டையான செருப்பு வழுக்கி நகர்ந்துவிடும். பென்சில் ஹீல் நகராது, மேட்டுக்குள் இறங்கும். அதாவது, கால் மிகவும் அடக்கமாக வேலை செய்ய வேண்டிய அந்த ஒரு இடத்தில்தான் ஹீல் மாட்டும். நீங்கள் கவனக்குறைவாக இருந்ததாக நினைத்து வருந்த வேண்டாம். எவ்வளவு கவனமாக இருந்தாலும் அது மாட்டத்தான் செய்யும்.

"பழகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்தச் சொல்தான். பழகியது எது? சாதாரணமாக மிதிப்பது பழகியிருக்கிறது. சைக்கிள் குறுக்கே வந்து பிரேக்கை முழுப் பலத்தோடு அடிக்க வேண்டிய நேரம் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். அதை யாரும் ஹீல்ஸில் பழகியிருக்க முடியாது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடும். கால் இடம் தேடுவதில் அரை நொடி போனால் ஐந்தரை மீட்டர், அதாவது ஒரு காரின் நீளத்துக்கும் மேல். 60 கிலோமீட்டரில் அதே அரை நொடி எட்டு மீட்டரைத் தாண்டிவிடும். தென்மலைக் காட்டுக்குள் வளைவு திரும்பியதும் பஸ் நிற்கும் சாலையில் இந்த மீட்டர்கள் கையிருப்பில் இருப்பதில்லை.

பிளாட்ஃபார்ம் பரவாயில்லை என்பதை ஏற்க மாட்டேன். பென்சில் ஹீலில் ஊன்ற இடம் இல்லை. பிளாட்ஃபார்மிலும் வெட்ஜிலும் (அடி முழுக்க ஒரே கட்டையாக உயர்ந்த செருப்பு) ஊன்ற இடம் உண்டு, உணர்வு இல்லை. அடிப்பாகம் இரண்டு இஞ்ச் கனமாக இருந்தால், பெடலைத் தொட்டுவிட்டோமா, எவ்வளவு அழுத்தியிருக்கிறோம் என்பது பாதத்துக்கு வந்து சேராது. ஹாஃப் கிளட்ச்சில் பெடலில் வரும் அந்த மெல்லிய அதிர்வு காலுக்கே தெரியாமல் போகும். அகலமான வெட்ஜ் என்றால் பிரேக்கை மிதிக்கும்போது ஆக்சிலேட்டரின் ஓரத்தையும் சேர்த்து அமுக்கும். பிளாக் ஹீல் (அகலமான கட்டை ஹீல்), ஒன்றரை இஞ்சுக்குள், கணுக்காலில் வார் உள்ளது என்றால் சமதளத்தில் ஊருக்குள் சமாளிக்கலாம். மலைக்கு அதுவும் வேண்டாம்.

அபராத விஷயம். மோட்டார் வாகனச் சட்டம், 1988, தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் ஒன்றுதான். கார் ஓட்டுபவர் இன்ன செருப்பு போடக் கூடாது என்று அதில் தனிப் பிரிவு எதுவும் இல்லை. 2019 திருத்தத்தில் அபராதத் தொகைகள் கூடியபோது, செருப்பு போட்டு ஓட்டினால் அபராதம், லுங்கி கட்டினால் அபராதம் என்றெல்லாம் பரவியது. அப்படி ஒன்றும் இல்லை என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரியின் அலுவலகமே அப்போது மறுத்தது. ஆனால் கட்டுப்பாட்டை இழந்து எங்காவது மோதினால், ஆபத்தாக ஓட்டியதற்கான 184ஆம் பிரிவு இருக்கிறது. அங்கே செருப்பு காரணம் என்பது உங்களுக்கு உதவாது.

வெறுங்கால்? ஹீல்ஸைவிட நல்லது, சட்டத்திலும் தடை இல்லை. உணர்வு நன்றாக இருக்கும். ஆனால் அவசர பிரேக்கில் முழுப் பலத்தையும் வைத்து மிதிக்க வேண்டும். ஏபிஎஸ் (அவசர பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் பெடல் காலுக்கடியில் உதறும், அப்போதும் விடாமல் அமுக்கிப் பிடிக்க வேண்டும். பெடல் ரப்பரின் வரிகள் வெறும் பாதத்தில் பதியும்போது கால் தன்னையறியாமல் தளரும். மெட்டி போட்டிருப்பவர்களுக்கு இன்னும் கஷ்டம். பெடல் விரலடியில் படும்போது மெட்டியின் அடி வளையம் விரலில் அழுந்தும். வலித்தால் கால் பின்வாங்கும். குற்றால சீசன் மழையில் ஈரக்காலோடு ஏறினால் வழுக்கவும் செய்யும். வேறு வழியே இல்லாத ஒரு நாளைக்கு வெறுங்கால் சரி, தினசரிக்கு வேண்டாம்.

ஹவாய் செருப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஹீல்ஸைக் கழற்றியதும் எல்லோர் கையும் போவது அதற்குத்தான். பின்வார் இல்லாத செருப்பு காலிலிருந்து நழுவும். பிரேக்கிலிருந்து காலை எடுக்கும்போது செருப்பின் வளைந்த முன்முனை பெடலுக்கு அடியில் சொருகிக்கொள்ளும். ஹீல்ஸுக்கு அது மாற்று ஆகாது.

வண்டிக்கென்று தனியாக ஒரு ஜோடி வாங்கி வண்டியிலேயே வைத்துவிடுங்கள். தட்டையான கேன்வாஸ் ஷூ, அல்லது பின்வார் உள்ள சாண்டல். அடிப்பாகம் ரப்பர், கனம் 10 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம்; காலைவிட அகலமாக ஓரம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. முந்நூறு ரூபாய் ஜோடியே போதும், பிராண்டு தேவையில்லை. இதில் உங்கள் ஹீல்ஸுக்கும் ஆயுள் கூடும். வலது ஹீலின் பின்புறத் தோல் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள், தினமும் மேட்டில் தேய்ந்த இடம் அது. நுனியின் ரப்பர் தேய்ந்து ஆணி தெரிகிறதென்றால் அந்த ஜோடியோடு நடப்பதே ஆபத்து.

கழற்றிய ஹீல்ஸை எங்கே வைக்கிறீர்கள் என்பது ரொம்ப முக்கியம். காலடியில் ஓரமாகத் தள்ளி வைக்கவே கூடாது. கோட்டைவாசல் தாண்டி இறக்கத்தில் போகும்போது அது உருண்டு பிரேக்குக்கு அடியில் வந்து நின்றால் பெடல் பாதிக்கு மேல் இறங்காது. உங்கள் சீட்டுக்குப் பின்னால் வைத்தாலும் சீட்டுக்கு அடியில் புகுந்து முன்னால் வரும். பக்கத்து சீட்டுக்குப் பின்னால், தரையில், ஒரு துணிப்பைக்குள். தண்ணீர் பாட்டிலுக்கும் இதே விதி.

புடவை கட்டுபவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. மூன்று இஞ்ச் ஹீலின் உயரத்துக்குக் கட்டிய புடவை, ஹீலைக் கழற்றினால் மூன்று இஞ்ச் தரையில் கிடக்கும். கொசுவத்தின் அடி காலுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவில் மாட்டினால் ஹீல்ஸ் செய்த அதே வேலையை அது செய்யும். வண்டியில் ஏறும் முன் கொசுவத்தை மொத்தமாகப் பிடித்து ஒரு சாண் மேலே தூக்கி, இடுப்பில் செருகுங்கள், அல்லது பெரிய பின் ஒன்று குத்திக்கொள்ளுங்கள். கரை கணுக்காலுக்கு மேல் நிற்க வேண்டும். புனலூரில் இறங்கி ஹீல்ஸ் மாற்றியதும் இறக்கிவிட்டால் போதும், மடிப்பு கலையாது.

செருப்பு மாறினால் சீட்டும் மாற வேண்டும். ஹீல்ஸில் முழங்கால் உயர்ந்து ஸ்டியரிங்குக்கு அடியில் இடிக்கும் என்பதால் சீட்டைப் பின்னுக்குத் தள்ளியிருப்பீர்கள். அதே இடத்தில் தட்டைச் செருப்போடு உட்கார்ந்தால் கிளட்ச் அடிவரை எட்டாது. கியர் கறகறவென்று விழும். கிளட்ச்சை அடிவரை மிதித்தபோதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும் அளவுக்கு முன்னால் கொண்டுவாருங்கள். மேட்டையும் பாருங்கள். கார்ப்பெட் மேட்டின் மேல் ரப்பர் மேட் என்று இரண்டு போட்டிருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். இருக்கும் மேட் கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும். அமெரிக்காவில் 2009இல் டொயோட்டா 38 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது, மேட் நகர்ந்து ஆக்சிலேட்டரை மாட்டிவிடலாம் என்பதற்காகத்தான். ஹீல் குத்தி ஓட்டை விழுந்த மேட் என்றால் மாற்றிவிடுங்கள். அந்த ஓட்டை எல்லாச் செருப்பையும் இழுக்கும்.

இனி ஏற்றத்தில் நின்று கிளம்புவது. லாரிக்குப் பின்னால் நிற்கும்போது ஒரு கார் நீளம் இடம் விடுங்கள், லாரியும் பின்னால் உருளும். நின்றதும் ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்துவிடுங்கள். கிளம்பும்போது முதல் கியர், கொஞ்சம் ஆக்சிலேட்டர், கிளட்ச்சை மெல்ல விட்டுக்கொண்டே வாருங்கள். இன்ஜின் சத்தம் தணிந்து பானெட் லேசாக எழும்பும். அங்கே காலை அப்படியே நிறுத்துங்கள். பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். வண்டி பின்னால் போகாது. அது நகர்ந்த பிறகு கிளட்ச்சின் மீதியை விடுங்கள். ஹில் ஹோல்ட் (ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் வசதி) உள்ள வண்டியானாலும் அது ஏறக்குறைய இரண்டு நொடிதான் பிடிக்கும், அதை நம்பிக் காலை இடம் தேட விடாதீர்கள்.

வண்டி ஆஃப் ஆகிவிட்டால் முதலில் மிதிக்க வேண்டியது பிரேக். உங்கள் வண்டி உருண்டது இதனால்தான்: கியரில் ஆஃப் ஆன வண்டியை இன்ஜினே ஓரளவு பிடித்து வைத்திருக்கும், கிளட்ச்சை மிதித்ததும் அந்தப் பிடி போய்விடும். பிரேக், ஹேண்ட் பிரேக், அப்புறம்தான் கிளட்ச், சாவி. ஆரியங்காவிலிருந்து திரும்பி வரும்போது புளியரை இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள், கிளட்ச்சில் காலை ஓய்வாக வைக்காதீர்கள்.

ஆட்டோமேட்டிக் வாங்கிவிட்டால் ஹீல்ஸ் போடலாமா என்பது உங்கள் அடுத்த கடிதத்தில் வரும் என்று நினைக்கிறேன். இடது காலுக்கு வேலை போகும், வலது கால் செய்யும் வேலை அப்படியேதான் இருக்கும். கிளட்ச் இல்லாத வண்டியில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் ஆஃப் ஆகாது, வண்டி பாயும். அங்கேயும் தட்டைச் செருப்புதான்.

புதுச் செருப்பு வாங்கிய அன்றே மலை ஏற வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில், கூட்டம் இல்லாத சமதளச் சாலையில், 30 கிலோமீட்டர் வேகத்தில் போய், பின்னால் வண்டி இல்லை என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு, பிரேக்கை முழுதாக அடித்து நிறுத்திப் பழகுங்கள். பத்துப் பதினைந்து தடவை. உங்கள் வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், பெல்ட் போட்டுக்கொண்டு.

அன்புடன்,
அக்கா