மறந்துபோகும் பரிசோதனைகளை யார் நினைவூட்டுவது?

கேள்வி: எனக்கு வயது 56. 11 ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிட்டு வருகிறேன். நான் செல்லும் மருத்துவ நிலையத்தில் முன்பு இரண்டு மருத்துவர்களும், நீரிழிவு நோயாளிகளைக் கவனிக்கவென்றே ஒரு செவிலியரும் இருந்தார்கள். இப்போது ஒரே மருத்துவர்தான். அவரைப் பார்க்கப் பல வாரங்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. போனாலும், வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு அதே மாத்திரைகளைத் தொடரச் சொல்லி அனுப்பிவிடுகிறார். செவிலியர் போன பிறகு என் கால்களை யாரும் பார்க்கவில்லை; சிறுநீர்ப் பரிசோதனையும் நடக்கவில்லை. நல்ல மனிதர் என்பதால் குறை சொல்ல மனம் வரவில்லை. வேறு இடத்துக்கு மாறிவிடலாமா?
– ஒரு வாசகி

பதில்: மாறுவதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். ஆள் குறைந்த இடத்தில் முதலில் விடுபட்டுப்போவது வலிக்காத விஷயங்கள்தாம். நீரிழிவு சிறுநீரகத்தையும் விழித்திரையையும் பாத நரம்புகளையும் கெடுக்கும்போது தொடக்கத்தில் எந்த வலியும் தெரிவதில்லை என்பதால், நீங்கள் குறிப்பிட்டிருக்கும் விடுபடல்கள் சின்ன விஷயமல்ல. அந்தச் செவிலியர் வைத்திருந்த நாட்காட்டியை இனி நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். இது உங்கள் வேலையா என்று கேட்டால், நியாயப்படி இல்லை. ஆனாலும் இப்போதைக்கு வேறு வழி தெரியவில்லை.

வெறும் வயிற்றுச் சர்க்கரை அன்று காலை நிலவரத்தை மட்டுமே சொல்லும். சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வதால், அவற்றில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளக்கும் எச்பிஏ1சி (HbA1c) இரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுகிறது. கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு இரு முறையும், மருந்து மாற்றப்பட்டவர்களுக்கும் இலக்கை எட்டாதவர்களுக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் அதைப் பார்ப்பது வழக்கம். இரத்தசோகை இருந்தால் அந்த எண் தவறான தோற்றம் தரக்கூடும் என்பதையும் மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள்.

சிறுநீர்ப் பரிசோதனையில் பார்க்க வேண்டியது அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளுக்கும் உள்ள விகிதம். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமோ அதற்கு மேலோ அல்புமின் இருந்தால், இரத்தத்தில் கிரியாட்டினின் உயர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிறுநீரகம் பாதிக்கப்படத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி ஆகியவையும் அந்த அளவை ஏற்றிவிடும். ஆகவே ஒரே முடிவைக் கண்டு பதறாமல் மறுபடி பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இதையும், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் (eGFR) கணக்கிட இரத்தக் கிரியாட்டினினையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். அந்தத் திறன் 30-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினை நிறுத்துவார்கள் என்பதால், அதே மாத்திரையைத் தொடரலாமா என்ற கேள்விக்கும் விடை அதில்தான் இருக்கிறது.

பாதப் பரிசோதனைக்கு மருத்துவரே வேண்டும் என்பதில்லை. உங்கள் கண்களை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை உள்ளங்காலில் சில இடங்களில் வைத்து அழுத்தி, உணர்கிறீர்களா என்று கேட்பார்கள். நாடித்துடிப்பையும் தோலையும் பார்ப்பார்கள். சில நிமிட வேலை, பயிற்சி பெற்ற எந்தச் செவிலியராலும் முடியும். மரத்துப்போன உணர்வு இருந்தால், நீண்ட நாள் மெட்ஃபார்மின் சாப்பிடுவோருக்கு வரக்கூடிய பி12 குறைபாட்டையும் சோதித்துவிடுவது நல்லது. கண்ணைப் பொறுத்தவரை, கண்ணாடி அளவு பார்ப்பதை விழித்திரைப் பரிசோதனை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், இரண்டும் வேறு.

அடுத்த சந்திப்புக்கு ஒரு வாரம் முன்பே இரத்தமும் சிறுநீரும் கொடுத்து, முடிவுகள் மருத்துவர் கையில் இருக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். அதற்காகவும், விடுபட்ட பரிசோதனைகளுக்காகவும் தேதியிட்ட ஒரு சிறு கடிதத்தை வரவேற்பு மேசையில் கொடுங்கள். வாய்ச்சொல் கூட்டத்தில் மறந்துபோகும், காகிதம் கோப்பில் இருக்கும். கேட்பது குறை சொல்வதும் ஆகாது. வீட்டில் எடுத்த அளவுகளை நோட்டு நிறைய எழுதிச் செல்ல வேண்டாம். சந்திப்புக்கு முந்தைய மூன்று நாட்களில் உணவுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் பின்னும் எடுத்தவற்றை, மாத்திரை நேரத்தோடு ஒரே தாளில் எழுதினால் போதும். அந்தத் தாளின் மேற்பகுதியில், கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு மட்டும் இருக்கட்டும்.

காலில் ஆறாத புண், நிறம் மாறிய விரல், திடீரென மங்கும் பார்வை, நிற்காத வாந்தி ஆகியவற்றுக்கு முறை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது; அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கிளிமிபிரைடு சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரை. அளவு 70-க்குக் கீழே வந்தால் 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அடிக்கடி இப்படி ஆனால் மருந்தளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

இனி உங்கள் கேள்வி. காத்திருப்பு நீளம் என்பதற்காக மட்டும், உங்களைப் பல ஆண்டுகளாக அறிந்த மருத்துவரை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் எச்பிஏ1சி தொடர்ந்து இரண்டு முறை இலக்கைத் தாண்டியும் சிகிச்சை மாறவில்லை, எழுத்தில் கேட்டும் பரிசோதனைகள் நடக்கவில்லை என்றால், நீரிழிவு நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். அதுவும் நடக்காவிட்டால் உங்கள் பதிவேட்டின் நகலோடு மாறிவிடுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 79. ஞாபக மறதியும் இதய நோயும் உண்டு. அவருடைய எச்பிஏ1சி 7.6 ஆக இருந்தும் மருத்துவர் மாத்திரையைக் குறைத்துவிட்டார். கூட்டம் தாங்காமல் அலட்சியமாக இருக்கிறாரோ?
– ஒரு வாசகர்

பதில்: இல்லை, நன்கு யோசித்தே செய்திருக்கிறார் என்று தோன்றுகிறது. பல நோய்கள் சேர்ந்த முதியவர்களுக்கு 8-க்குக் கீழே இருந்தாலே போதும் என்று இலக்கைத் தளர்த்துவதுண்டு. மாத்திரை சாப்பிட்டதை மறந்துவிடுபவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால், மயங்கி விழுந்து எலும்பு முறிவதே பெரிய ஆபத்து. அவருக்கு வியர்ப்பு, நடுக்கம், திடீர்க் குழப்பம் எப்போதாவது வந்திருந்தால், எந்த நேரத்தில் வந்தது என்பதைக் குறித்துக்கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.